மேலுக்கு

களிமண்குண்டு துணை சுகாதார நிலையத்தில்
பேர் பதிகிற வேலை எனக்கு.
வந்த முதல் வாரம்
ஈரம் காயாத பாவாடையோடு ஒருத்தி
பெஞ்சில் உட்காராமல் நின்றபடி சொன்னாள்:
மேலுக்கு முடியல.

மேலன்னா எங்கக்கா, தலையா, நெஞ்சா என்றேன்.
பெஞ்சு மொத்தமும் சிரித்தது.
இருமிக்கொண்டிருந்த செய்யது மரைக்காயர்கூட
இருமலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.
மேலு தாயி, மேலு என்று அவள்
கழுத்திலிருந்து கணுக்கால்வரை
காற்றில் ஒரு கோடு இழுத்தாள்.

கணினியில் 'வலி உள்ள இடம்' என்ற பெட்டியைத் திறந்தால்
தலை இருந்தது, முழங்கால் இருந்தது,
முதுகில் மட்டும் மூன்று வகை.
மேல் இல்லை.
'பிற' என்பதை அழுத்தினேன்.

நான் அம்பத்தூர்க்காரி.
எங்களுக்கு உடம்புதான் சரியில்லாமல் போகும்.
உடம்புதான் போடும், இளைக்கும்.
உடம்பைப் பார்த்துக்கோ என்றுதான்
பஸ் ஏற்றிவிடுவார்கள்.
மேலே என்றால் மொட்டைமாடி,
தண்ணீர்த் தொட்டி,
முதல் தேதி இறங்கி வருகிற வீட்டுக்காரர்.

இங்கே
மேல் கழுவிட்டு வாரேன் என்று
பாதிப் பேச்சில் எழுந்து போகிறார்கள்.
தலைக்கு ஊத்தல, மேலுக்கு மட்டும்தான் என்கிறார்கள்.
அப்படியானால் தலை, மேலில் சேராது.
எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அதுதான்,
இருந்தும் சேராது.
இதை யாரிடம் கேட்பது?
மேலுக்குத்தான் சிரிக்கா, உள்ளுக்குள்ள வேற என்று
மருமகளைப் பற்றி ஒருத்தி சொன்னபோது
எந்த மேல் என்று கொஞ்ச நேரம் விழித்தேன்.

முதலில் வந்தவள் பேர் நம்புக்கனி.
பாசி எடுக்கிறவள்.
விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து
பார் கிழித்த இடங்களைக் காட்டினாள்.
உள்ளங்கால் கதை தனி.
மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டே
அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

முங்கிட்டா மேலு கிடையாது தாயி.
கை இருக்கும். கண்ணு இருக்கும்.
முதுகுவலி, குழுக்கடன்,
ஒண்ணும் கூட வராது.
எல்லாம் வத்தையிலயே இருந்துக்கிரும்.
மூச்சு முட்டி மேல வாரோம்ல,
அப்பத்தான் மேலு வருது,
நனைஞ்ச சாக்கு கணக்கா.

சிலேடை எதுவும் சொல்லிவிட்டதாக
அவளுக்குத் தோன்றவில்லை.
ஊசிக்குக் கூப்பிட்டார்கள், போனாள்.
அவள் நின்ற இடத்தில்
இரண்டு பாதம் அளவுக்கு
தரை ஈரமாக இருந்தது.

அதன் பிறகு நான் 'பிற'வில் மட்டும் நிற்பதில்லை.
பக்கத்திலிருக்கிற கட்டத்தில்
மேல் என்று தட்டச்சு செய்கிறேன்.
ராமநாதபுரத்திலிருந்து ஒருமுறை போன் வந்தது,
மேல்வயிறா, மேல்முதுகா,
முழுசா எழுதுங்க மேடம் என்று.
முழுசாத்தான் சார் எழுதியிருக்கு என்றேன்.

கச்சான் மணலை வாரியடித்த ஒரு வாரம்
எனக்கே காய்ச்சல்.
வாடகை அறையில் ஃபேனைப் பார்த்துக் கிடந்து
அம்மாவுக்கு போன் போட்டேன்.
மேலுக்கு முடியலம்மா.

தானாக வந்த வார்த்தை.

எதுக்கு மேலடி, என்றாள் அம்மா.
அங்கே குக்கர் விசில் ஒன்று, இரண்டு.
போர்வையைக் காலால் தள்ளினேன்.
கெண்டைக்கால், நாக்கின் கசப்பு,
பஸ் ஏறிய நாளின் அழுகை,
கட்டாத எல்.ஐ.சி. தவணை
எல்லாம் ஒரே கனமாகக் கிடந்தது,
வேர்த்து, சொட்டச் சொட்ட.

ஒடம்பு சரியில்லையாடி?

அதுவும்தான், என்றேன்.